சிவப்புப் பிடிக் கத்திரி

ஜனவரி 19, வெள்ளி

லைனிங் துணி வாங்கும் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. எங்க வீட்டுக்காரர், "எங்கிட்டக் கொடு கனி, பால் கணக்கு எழுதிக்கிடுதேன்" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை தையல் கடையில் நின்று "சரி மயினி, ஆகட்டும் அக்கா, இறுக்கமா இருந்தா பிரிச்சுத் தாரேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவளுக்கு, மனசில் இருப்பதைக் கொட்ட ஓர் இடம் வேண்டாமா?

முதலில் சாணைக்காரரைப் பற்றிக் கொட்டுகிறேன். என் கத்திரியைத் தீட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போய்த் திருகை இறுக்கிவிட்டார். பித்தளைப் பிடி போட்ட பெரிய கத்திரி. பட்டென்றாலும் வெல்வெட் என்றாலும் பல மடிப்பை ஒரே வாயில் வெட்டும். இன்றைக்கு ரெண்டு மடிப்புப் பாப்ளினை வெட்டுவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. கேட்டால், "யக்கா, சத்தியமா திருகத் தொடவே இல்ல" என்று கோவில் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார். தொடாமல் எப்படி இறுகும்?

பேனாவும் சரியில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

ஜனவரி 22, திங்கள்

எண்ணெய் மில் தங்கபுஷ்பம் மயினி வந்தார். சின்ன மகளுக்கு மாசி பத்தாம் தேதி கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் என் கடையில்தான். மெயின் ரோட்டில் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு கடை திறந்திருக்கிறார்களே, அங்கே போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. மயினி எந்தக் கடையோ, கோவில்பட்டியில் பாதிக் கல்யாண வீடு அந்தக் கடை.

முகூர்த்த ஜாக்கெட் துணி அரக்குப் பட்டு, ஜரிகை கனம். புடவையோடு சேர்த்து நெய்த துண்டு. கெட்டுப்போனால் மாற்றுத் துணி கிடையாது. இதற்கு எங்கள் பக்கம் முதல் வெட்டு என்று ஒரு முறை உண்டு. நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, துணியின் மூலையில் மஞ்சள் தொட்டு, கிழக்கே பார்த்து நின்று வெட்டவேண்டும். பெண்ணைப் பெற்றவள் பக்கத்தில் நிற்பாள்.

"ஒன் கையாலதான் விழணும் கனி. மூத்தவளுக்கு நீ வெட்டுன ராசி, ரெண்டு பிள்ளையோட நல்லா இருக்கா" என்றார் மயினி.

"என் கையாலதான் மயினி" என்றேன்.

ஆனாலும் வேலை அதிகம். வெட்டுவதற்கு ஓர் ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மிஷினில் இருக்கும் ரெண்டு பேருக்கும் தைக்கத்தான் தெரியும். நேரம் போதவில்லை, அதனால்தான் ஆள் தேடுகிறேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 24, புதன்

ஒருத்தி வந்தாள். பெயர் பிரம்மசக்தி. இருபத்தைந்து வயது இருக்கும். சாத்தூரில் ஒரு கடையில் கட்டிங் பார்த்தவளாம். ஏன் விட்டாய் என்றதற்கு "சரிப்பட்டு வரல யக்கா" என்றாள். புருஷன் திருப்பூரில் இருக்கிறானாம். அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. பெண் குழந்தை ஒன்று, அம்மா வீட்டில் விட்டிருக்கிறாள். வேலை கிடைத்தால் பிள்ளையை இங்கே கூட்டிவந்து பால்வாடியில் விடவேண்டும் என்று சொல்லும்போது மட்டும் முகம் நிமிர்ந்தது.

கொண்டுவந்த பையிலிருந்து ஒரு கத்திரி எடுத்தாள் பாருங்கள், எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சிவப்புப் பிளாஸ்டிக் பிடி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காகிதம் வெட்டுகிற சாமான். துபாயிலிருந்து தம்பி வாங்கி வந்தானாம்.

"ஏட்டி, இத வச்சு முருங்கைக்கீரை கூட ஆயமுடியாது. உள்ள வை" என்றேன். வைத்துவிட்டாள்.

தங்கபுஷ்பம் மயினி வேலை முடியும்வரை பார்ப்போம், அப்புறம் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். கடை அரை நாள்.

எங்க வீட்டுக்காரர் டி.வி.யில் பார்த்து வாங்கிய கத்தி வந்து சேர்ந்தது. ஒன்று வாங்கினால் மூன்று இலவசம். தேங்காய் ஓட்டையே வெட்டுமாம். பூசணிக்காயில் இறக்கினேன், பாதியில் வளைந்து நின்றுவிட்டது. இழுத்தால் பிடி மட்டும் கையோடு வருகிறது. கத்தி பூசணிக்காய்க்குள்! சிரிப்பதா அழுவதா. "இன்னும் மூணு இருக்குல்லா கனி" என்று சமாதானம் சொல்கிறார் மனுஷர்.

கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசில் தவிர ஒரு சாமான் பிடித்ததில்லை. அவருக்கு எங்கே தெரியும்? மலிவுக் கத்திரி துணியை வெட்டாது, கெஞ்சும். நாம் அழுத்த அழுத்த அது விலகும். சாயந்திரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். கூலிக்காரர்கள் 'இப்போதைக்கு இது போதும்' என்று மலிவில் ஒன்று வாங்கி, அது போய் இன்னொன்று வாங்கி, கடைசியில் கையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஆயுதம் பிடித்தவள் கை கெடாது என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

ராத்திரியில் கை எரிகிறது. பூசணிக்காயோடு மல்லுக்கட்டியதால் இருக்கும்.

ஜனவரி 29, திங்கள்

பிரம்மசக்தியிடம் என் கத்திரியைக் கொடுத்தேன். என் கத்திரியை நான் யாரிடமும் கொடுக்கிறவள் இல்லை. டெய்லர் கத்திரி கை மாறினால் வாய் மாறும். ஆனாலும் ஒரு நல்ல சாமானைப் பிடித்தால்தானே கெட்ட சாமானின் கெடுதல் தெரியும் என்று கொடுத்தேன்.

லைனிங் துணியில் ஒரு கை வெட்டச் சொன்னேன். அம்மாடி! வெட்டவா செய்தாள்? துணி ரெண்டு அலகுக்கும் நடுவே மடிந்து உள்ளே போய்விட்டது. விளிம்பெல்லாம் எலி கடித்தது மாதிரி. பக்கத்தில் நின்று நான் பார்க்கப் பார்க்க இன்னும் மோசம். வேர்த்து ஊற்றுகிறது அவளுக்கு.

"சாத்தூர்ல இப்பிடித்தான் வெட்டுனியா?"

"இல்ல யக்கா. கத்திரி புதுசு, அதான்…"

மிஷின் பெண்கள் ரெண்டு பேரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரம் நானும் பேங்குக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேசைமேல் ஆறு ஜாக்கெட் வெட்டி அடுக்கி வைத்திருக்கிறாள். கழுத்து வளைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. நான் வெட்டினால்கூட... சரி, நான் வெட்டினால் இதைவிட நன்றாக இருக்கும்.

இவள் நான் நின்றால் கோணலாக வெட்டுகிறாள், நான் போனால் நேராக வெட்டுகிறாள். நான் என்ன பேயா பிசாசா?

பிப்ரவரி 2, வெள்ளி

அவள் சாப்பிடப் போன நேரம், அந்தச் சிவப்புக் கத்திரியை எடுத்து ஒரு பிட்டுத் துணியில் வைத்துப் பார்த்தேன். நான் சொன்னது சரியாகப் போயிற்று. வெட்டவே இல்லை. துணியை மென்று துப்புகிறது. இதைக் கொண்டா அந்த ஆறு ஜாக்கெட்டும் வெட்டினாள்? நம்பமுடியவில்லை. நான் போனபிறகு என் கத்திரியைத்தான் எடுத்திருப்பாள், கள்ளி. என் முன்னால் நடிக்கிறாள். எதற்கு நடிக்கவேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். துணியை எனக்கு நேர் எதிராகத் திருப்பிப் போடுகிறாள். நான் இருபது வருஷமாகப் போடுகிற வாக்கு அவளுக்கு ஆகாதாம். ஹூக்கு கட்டினால் தலைகீழாகக் கட்டுகிறாள். ஒவ்வொருத்தி ஒவ்வொரு தினுசு.

பிப்ரவரி 3, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. தைலம் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 5, திங்கள்

காப்பி டம்ளர் கை நழுவி விழுந்தது. எண்ணெய்க் கையாக இருந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏட்டி, இது மூணாவது டம்ளர்" என்றார். எண்ணுகிறார்! பஸ்ஸில் டிக்கெட் எண்ணிய புத்தி போகுமா?

கையைப் பிடித்து இழுக்காத குறையாக எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சின்னப் பையன். மணிக்கட்டைத் தட்டினான், விரலை மடக்கச் சொன்னான், கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொடச் சொன்னான். தொட்டேன். கிட்டத்தட்ட தொட்டேன். உள்ளங்கை நரம்பு நசுங்கியிருக்கிறதாம். வருஷக்கணக்காகக் கத்திரி பிடித்ததில் வந்ததாம். சின்ன ஆபரேஷன், தள்ளிப்போட்டால் விரலில் பலம் திரும்பாது என்கிறான்.

"நல்ல கத்திரி பிடிச்ச கை தம்பி இது" என்றேன்.

"நல்ல கத்திரியா இருந்ததாலதான் இத்தன வருஷம் தாங்கியிருக்கும்மா" என்றான்.

மாசி பத்து முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். கடையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று எங்க வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன். கை போன டெய்லரிடம் யார் துணி கொடுப்பார்கள்?

சாணைக்காரரிடம் கோபப்பட்டது தப்பு.

பிப்ரவரி 8, வியாழன்

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், கொல்லைப்பக்க வழியாகக் கடைக்குள் வந்தேன். மிஷின் பெண்கள் இல்லை. பிரம்மசக்தி தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கத்திரி. சரசரவென்று ஒரே ஓட்டம். தண்ணீர் வாய்க்காலில் போவது போலப் போகிறது. ஆகா, வேலைக்காரி என்று வாய்விட்டுச் சொல்ல வந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது.

கத்திரி பீச்சாங்கையில்.

நான் சத்தம் போடவில்லை. அவள்தான் திரும்பிப் பார்த்துக் கத்திரியைக் கீழே போட்டாள். நான் ஒன்றும் கேட்காமலே கொட்டிவிட்டாள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் அடித்துத் திருத்தி சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார்களாம். கத்திரி மட்டும் மாறவே இல்லையாம். சாத்தூர்க் கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையால வெட்டுன துணியா" என்று துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் இவளுக்கு வேலை இல்லை. அந்தச் சிவப்புக் கத்திரி இடதுகைக்காரர்களுக்கென்றே செய்தது. அலகு எதிர்மாறாக இருக்கும். அதனால்தான் என் கையில் வெட்டவில்லை.

"போகச் சொன்னா இப்பவே போயிருதேன் யக்கா. ஆனா யார்ட்டயும் சொல்லாதிய. இந்த ஊர்ல வேற கடையாவது பாப்பேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்லிவிட்டாளே என்று. அப்புறம் பயம், மயினிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று. நானும் அதே ஊர்க்காரிதானே. பீச்சாங்கையால் விபூதி கொடுத்தால் நானும் வாங்கமாட்டேன்.

ஆனால் ஒன்று செய்தேன். என் பித்தளைக் கத்திரியை எடுத்து என் இடது கையில் மாட்டினேன். அப்பா! கட்டைவிரல் எலும்பில் பிடியின் விளிம்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. வெட்டினால் அலகு ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகிறது. வெட்டுகிற கோடும் கண்ணுக்குத் தெரியவில்லை, அலகு மறைக்கிறது. இதைக் கொடுத்துத்தானா அந்தப் பிள்ளையை நான் நிற்கவைத்து மற்றவர்களைச் சிரிக்கவிட்டேன்?

"அழாத. மூக்கத் தொடச்சுக்க. ஆள் இருக்கும்போது வெட்டாத, ஆள் போனபிறகு வெட்டு. முதல் வெட்டு நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

என் கை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அவள் மட்டும்தானா மறைப்பாள்?

பிப்ரவரி 9, வெள்ளி

நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. திங்கள்கிழமை காலை, ராகு காலம் கழிந்து. முதல் வெட்டை மட்டும் நான் வெட்டி, மயினி கிளம்பியதும் மீதியை அவள் வெட்டவேண்டும். இதுதான் ஏற்பாடு. ஒரு விரல் நீளம் வெட்ட என் கைக்குப் பலம் இருக்காதா என்ன.

பிப்ரவரி 11, ஞாயிறு

பழைய வேட்டியில் வெட்டிப் பார்த்தேன். வெட்ட முடிகிறது. முதல் தடவை முடிந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும். கை ஒத்துழைக்கவில்லை, நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

மயினி பட்டுடுத்தி வந்தார். விளக்கேற்றினோம். மஞ்சள் தொட்டேன். கிழக்கே பார்த்து நின்று, முருகா என்று கத்திரியை வைத்தேன். கட்டைவிரல் இருக்கிற இடமே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அழுத்தினேன். பட்டு வெட்டுப்பட்டது. மயினி கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் உயிர் வந்தது.

கிளம்புவார் என்று பார்த்தால், "இன்னைக்கு முழுசா வெட்டுறத பாத்துட்டே போறேன் கனி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நேரம் அவர் மகள் போன் அடித்தாள். கடைக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று மயினி வெளியே போய்ப் பேசினார். கல்யாண வீட்டுப் பேச்சு, சட்டென்று முடியாது. நான் மேசைக்கு முன்னால் தொங்கும் திரையை இழுத்துவிட்டு, "சீக்கிரம்டி" என்றேன். பிரம்மசக்தி சிவப்புக் கத்திரியை எடுத்தாள்.

முதுகுப் பாகம் முடித்தாள். முன்பாகத்தில் பாதி போயிருப்பாள். வாசலில் செருப்புச் சத்தம். அவ்வளவுதான், அந்தப் பெண் பயத்தில் ஓட்டத்தை நிறுத்தாமலே கத்திரியை வலதுகைக்கு மாற்றிவிட்டாள். அது வலதுகைக்கு வெட்டுகிற கத்திரியா? பட்டு அலகுக்குள் மடிந்து, அவள் அழுத்த, ஜரிகை நூலோடு ஒரு கிழிசல். நெஞ்சுப் பக்கம். கோட்டுக்கு உள்ளே.

கத்திரியை அவள் கையிலிருந்து நான் பிடுங்கவும், மயினி திரையை விலக்கவும் சரியாக இருந்தது.

அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கனி… ஒன் கையாலயா?"

"ஆமா மயினி" என்றேன். "என் கை போச்சு மயினி. நரம்பு செத்துப்போச்சு. டம்ளரு கூட நிக்கல. ஒங்ககிட்ட மறச்சுட்டேன்." கையைத் தூக்கிக் காட்டினேன். கட்டைவிரல் என் பேச்சைக் கேட்காமல் ஆடியது. மிஷின் ரெண்டும் நின்றுவிட்டது. இதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றத்தானே இத்தனை நாள் படாதபாடு பட்டேன்!

மயினி பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "புடவையோட சேத்து நெய்ஞ்ச துண்டுல்லா கனி. எம்மக கிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

நான் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. பிரம்மசக்தி முன்னால் வந்தாள். மயினி முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா பொய் சொல்லுதாவ. கிழிச்சது நான். நான் பீச்சாங்கைக்காரி. ஒங்களக் கண்டு பயந்து கையை மாத்துனேன், கிழிஞ்சிட்டு. முன்பாகத்த மூணு துண்டாப் பிரிச்சு வெட்டுனா கிழிசல் தையலுக்குள்ள போயிரும். என்னால வெட்டமுடியும். ஆனா பீச்சாங்கையாலதான் முடியும்."

மயினி அழுகையை நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது. "முகூர்த்தத்துக்கு உடுத்துற துணியில பீச்சாங்கையா? எம்மக வாழவேண்டாமா? கனி, நீயும் தெரிஞ்சேவா இவள வச்சிருந்த?" துணியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

துணி போனால் கடை போயிற்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆங்காரம் வந்ததோ.

"மயினி, ஒரு வார்த்த கேக்கேன், பதில் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க. அந்த மகளப் பெத்து எந்த இடுப்புல தூக்கி வச்சு வளத்திய?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லுங்க."

அவர் கை தன்னால் இடது இடுப்புக்குப் போயிற்று.

"அந்தக் கைதான மயினி? சோத்தாங்கை சோறு கிண்டுச்சு, தொட்டில ஆட்டுச்சு, வீடு கூட்டுச்சு. பிள்ளைய நம்பி விட்டது பீச்சாங்கைட்டதான. எத்தன வருசம் சுமந்துச்சு? கீழ போட்டுச்சா?"

விளக்குத்திரி சடசடத்தது. மயினி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு சுருட்டியதை மேசையில் விரித்துவிட்டார்.

"வெட்டட்டும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியப்படாது."

பிரம்மசக்தி வெட்டினாள். கனமான ஜரிகை, அந்தப் பிளாஸ்டிக் கத்திரிக்குத் தாங்காது. அலகு பிளந்து பிளந்து விலகியது. ஒரு மடிப்பாகப் போட்டு, அங்குலம் அங்குலமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். முடித்தபோது கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மயினி அதைப் பார்த்தார். தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 14, புதன்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, கனிக்குக் கை போயிற்று என்று. பால்காரர் விசாரிக்கிறார். கீழத்தெரு டீச்சர் கொடுத்த ரெண்டு துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றார். வயிற்றெரிச்சலாக இருந்தது. கொஞ்சம் அழுதேன்.

பிரம்மசக்தி, "எனக்காகச் சொன்னதுதான யக்கா, இல்லன்னு சொல்லிருங்க" என்கிறாள். இல்லாததையா சொன்னேன்?

பிப்ரவரி 16, வெள்ளி

மதுரைக்குப் போனோம், நானும் எங்க வீட்டுக்காரரும். கத்திரி விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். இடதுகைக்காரர்களுக்கு அடித்துச் செய்த கத்திரி வேண்டும் என்றால் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "அப்பிடி யாரும் கேட்டு வந்ததில்லையேம்மா." கேட்டு வரமாட்டார்கள். பீச்சாங்கைக்காரர்கள் எல்லாரும் கையை ஒளித்துவைத்துக்கொண்டு, கிடைத்த மலிவுச் சாமானில் சமாளித்துக்கொண்டிருந்தால் யார் வந்து கேட்பார்கள்?

கடைசியில் ஒரு சேட்டு, வடக்கே பட்டறைக்குச் சொல்லி வரவழைத்துத் தருகிறேன் என்றார். விலை சொன்னார். எங்க வீட்டுக்காரர் மூச்சு விடாமல் நின்றார். "டி.வி. கத்தி பத்து செட்டு வாங்கலாம் கனி" என்றார் வெளியே வந்து.

"பூசணிக்காய்க்குள்ளயே இருக்கட்டும் அது" என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

நேற்றுக் கல்யாணம். பிரம்மசக்தியையும் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றாள், விடவில்லை. பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் மணவறைக்கு வந்தாள். அரக்குப் பட்டு உடம்போடு ஒட்டி நின்றது. கிழிசல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சம்பந்தியம்மா ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து யார் வெட்டியது என்று கேட்டது என் காதில் விழுந்தது. மயினி "கனி கடையில" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில், பிரம்மசக்தி இலைக்கு நேராக வந்து நின்று, பாயசத்தைத் தானே ஊற்றினார்.

அவள் வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 26, திங்கள்

கத்திரி வந்துவிட்டது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. நான் பிரிக்கவில்லை, அவளையே பிரிக்கச் சொன்னேன். இடது கையில் மாட்டினாள். விரல்கள் அழகாகப் போய் உட்கார்ந்தன. பட்டு, லைனிங், கேன்வாஸ் மூன்றையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன். ஒரே ஓட்டம். வெட்டிவிட்டு அந்த விளிம்பையே தடவிக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் எனக்குத்தான் பலம் பத்தலன்னு நெனச்சிட்டு இருந்தேன் யக்கா" என்றாள்.

வெட்டும்போது தலையை ரொம்பக் குனிந்தாள். பார்வைக் கோளாறோ என்று கேட்டேன். இல்லையாம், கோடு இருட்டாக இருக்கிறதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேசை, ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி போட்டது. சோத்தாங்கைக்காரிக்கு அதுதான் சரி. இடதுகையால் வெட்டுகிறவளுக்குக் கையின் நிழல் கோட்டின்மேலேயே விழும். அந்த ஆறு ஜாக்கெட்டையும், அரக்குப் பட்டையும் இவள் தன் நிழலுக்குள்தான் வெட்டியிருக்கிறாள்.

எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மிஷின் பெண்கள் ரெண்டு பேரும் சேர்ந்தார்கள். மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்டோம். நான் ஒரு கையால் பேருக்குத் தொட்டுக்கொண்டு வந்தேன். இப்போது வெளிச்சம் அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் இப்படி நின்றால் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் அவள் முகமும் கையும் நேராகத் தெரியும்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கத்திரியைச் சேலை மறைவுக்குள் இழுத்தாள்.

"யக்கா, ரோட்டுல போறவங்க பாப்பாவளே."

"பாக்கட்டும். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். நாலு வாரம் இந்தக் கடைக்கு இருக்கிறது ஒன் கை ஒண்ணுதான். அத ஒளிச்சு வச்சா நம்ம எப்பிடிப் பொழைக்க?"

பிறகு சேலைக்குள்ளிருந்து கையை எடுத்து, துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். தெருவில் கீழத்தெரு டீச்சர் போனார். ஜன்னலைப் பார்த்தார், நின்றார், மறுபடியும் பார்த்தார். பிரம்மசக்தியும் அவரைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே வெட்டினாள். கையை மாற்றவில்லை.